சாக்கு உடுத்தியவளும் பங்களாப் பேயும்

“ஹூ... ஊ...”

மாடிப்படி இருட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது நவமணி ஜன்னல் திரையைப் பாதி பிய்த்துவிட்டிருந்தாள். வெளியே மழை... மலாயாவில், பீடோங் பக்கத்து ரப்பர்க் காடு கறுத்துக் கிடந்தது. ஜப்பான்காரன் வந்ததும் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களா இது. இங்கே செத்த துரைசாணி பேயாக அலைகிறாள் என்று தோட்டத்துக் கூலி லயத்து ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

நவமணிக்கும் பயம்தான். ஆனால் அவளுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே புடவை. அதைக் கட்டிக்கொண்டு அம்மா மரவள்ளி பிடுங்கப் போய்விட்டால் இவளுக்கு உடுத்த அரிசிச் சாக்குதான்; இப்போதும் அதுதான்.

பேய் இருமியது.

“துரைசாணிக்கும் சளி பிடிக்குமா?”

தாடியும் எலும்புமாக ஒருவன் படியில் எழுந்து நின்றான். அந்தக் கண்கள்... மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியின் கண்கள். அவள் அலறியது அப்போதுதான்.

“ஐயோ, ஆம்பளையா! திரும்பி நில்லுங்க! பேய்தானே, பார்த்தா பார்க்கட்டும்னு இருந்தேன்!”

அவன் சட்டென்று சுவரைப் பார்த்து நின்றான். “இல்லலா... நான் எதையும் பார்க்கல.”

“பார்க்காமலா காது இப்படிச் செவக்குது?”

அவன் பெயர் பரஞ்சோதி. பக்கத்துத் தோட்டம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப்போன லாரியிலிருந்து குதித்து ஓடி, இங்கே பேயாக ஒளிந்திருப்பவன். மூன்றே மாதம், கை நிறையச் சம்பளம் என்றான் ஜப்பான்காரன். அவன் பேச்சை நம்பிப் போன ஒருத்தனையும் திரும்பக் காணோம்.

மறுநாள் திரைத்துணியை அன்னாசி நாரால் தைத்து உடுத்திக்கொண்டு, அவித்த கிழங்கோடு வந்தாள்.

“இப்பப் பார்க்கலாம்.”

பார்த்தான்... கிழங்கு தொண்டையில் சிக்கியது. அவள் சிரித்தாள். தினமும் வந்தாள்.

ஆறாம் நாள் சொன்னாள். “எங்கண்ணன் பழனியாண்டி இருந்திருந்தா உங்களுக்கு ஒரு வேட்டியாவது குடுத்திருக்கும். மரவள்ளி மூட்டையோட ரோட்டுல வந்த மனுசனை லாரியில தூக்கிப் போட்டுட்டாங்க. ஒரு ஆள் குறைஞ்சுதாம்.”

பரஞ்சோதி கிழங்கைக் கீழே வைத்தான். லாரியிலிருந்து குதித்த அன்று, ஆளுயர லாலான் புல்லுக்குள் படுத்தபடி அதை அவன் பார்த்திருந்தான். ‘என்னை ஏன்யா!’ என்று அந்த ஆள் கத்தியதும் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம்... வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான். சொன்னால் இவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் கிழங்கும் கிடைக்கும், இந்தச் சிரிப்பும் கிடைக்கும். தூ... என்ன பிழைப்பு!

“அந்தக் குறைஞ்ச ஆளு நான்தான், நவமணி.”

அவள் அறைந்தாள். அவன் அசையவில்லை. இன்னொரு அறை. பிறகு அதே கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போய் அவனுங்க முன்னால நின்னுடறேன். உங்கண்ணனை விட்டுடச் சொல்றேன்.”

“விடுவானா? ரெண்டு பேரையும் வச்சுக்குவான். அவனுங்களைப் போயா நம்புறீங்க!”

மழை வலுத்தது. அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

“இனிமே வரமாட்டேன்னு சொல்லத்தான் நினைக்கிறேன்... வாய் வரல. அண்ணனுக்காக அழவேண்டியவ, உங்களுக்குக் கிழங்கு வெந்துச்சான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். உங்க மேல ஆசையா இருக்கு... அதைச் சொல்ல அசிங்கமாவும் இருக்கு. அண்ணன் திரும்பி வந்தா நான் என்னன்னு சொல்லுவேன்?”

பரஞ்சோதி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். தொடவில்லை.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்... உங்கண்ணன்கிட்ட நானே சொல்றேன்.”