மூன்றாவது ரிமோட்

சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. கேரவனுக்குள் பூட்டுக்காரன் மட்டும்தான் இருந்தான். அவனும் சோபாவில் கையைக் காலை அசைக்காமல், மூச்சைக்கூட மெல்ல விட்டபடி உட்கார்ந்திருந்தான். அசைவு கண்டால் மட்டுமே எரிய வேண்டிய விளக்கு அது. அலாரம் பொருத்தி முடித்ததும் சைரனை நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே மூலை மூலையாக நடந்து, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சும்மா உட்கார்ந்து, எரியாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதிப் பேர் இந்த இரண்டாவது சோதனையைச் செய்வதில்லை. பூட்டுக்காரன் செய்வான். பொறாமைக்காரனே தவிர, வேலையில் சோம்பேறி கிடையாது.

புது வண்டி, எங்கேயாவது பிளாஸ்டிக் சூட்டில் விரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்தான்.

வண்டி சகலையுடையது. பெண்டாட்டியின் தங்கையைக் கட்டியவன். வீடும் வண்டியுமாக ஒரு கேரவன் வாங்கியிருந்தான். அடுப்பு, குளியலறை, பின்னால் ஒரு கட்டில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பட்டனை அழுத்தினால் கூரையிலிருந்து இறங்கிவரும் இன்னொரு கட்டில், கதவோரம் மழைக்கோட்டு மாட்ட ஒரு கொக்கி, எல்லாமே கம்பெனி ஃபிட்டிங். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குக் கம்பெனி ஃபிட்டிங் போதவில்லை. கதவுகளுக்கு இரட்டைப் பூட்டு, ஜன்னல்களுக்கு உள்பூட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ், உள்ளே ஆள் அசைந்தால் அலறும் அலாரம், இத்தனையும் உரிமம் பெற்ற ஆள் பொருத்தினால்தான் பாலிசி.

"நீங்க இருக்கும்போது நான் எதுக்கு வெளியாள்கிட்ட போகணும், சகலை?" என்று அதைப் பூட்டுக்காரன் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். வெளியாள் கூலி கேட்பான் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. இன்ஷூரன்ஸ்காரன் கல்லடிக்கு மட்டும்தான் காசு குடுப்பான். கண்ணடிக்கு நீங்கதான் பாத்து ஒரு பூட்டு போடணும்!"

பூட்டுக்காரனும் சேர்ந்து சிரித்தான். வயிறு எரிந்தது.

அதைவிட அதிகம் எரிந்தது பெண்டாட்டி வண்டிக்குள் ஏறிப் பார்த்தபோது. அவள் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தாள், மூடினாள். கட்டிலில் உட்கார்ந்து மெல்ல அமுக்கிப் பார்த்தாள். "என் தங்கச்சி குடுத்து வச்சவங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து மாலையானால் சமையலறை ஜன்னலில் நின்று கேரவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அவனைப் பார்த்து அப்படி நின்ற காலம் அவனுக்கு நினைவில் இருந்தது. நாளாகிவிட்டது என்பதும் இருந்தது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். கம்பெனிப் பூட்டில் உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தால் கதவு திறந்துவிடும். ஜன்னலை உடைத்துக் கையை விடும் திருடனுக்கு அது விருந்து. அதனால் ரிமோட்டால் பூட்டினால் உள்கைப்பிடி செத்துப்போகும்படி மாற்றினான். முன் கதவுகளுக்கும் அப்படியே. உள்ளே படுப்பவர்கள் தலைமாட்டில் ஒரு ரிமோட் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சகலைக்கென்று இரண்டு ரிமோட்டுகளைப் பூட்டுகளோடு இணைத்துப் பழக்கிப் பட்டறை மேசையில் வைத்தான், ஜன்னல் சாவிகளையும் பக்கத்திலேயே.

பிறகு யாருக்கும் சொல்லாமல் மூன்றாவதாக ஒன்றைப் பழக்கிக்கொண்டான்.

இது தொழிலில் செய்யவே கூடாத காரியம். வண்டி திருடுபோனால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் கேட்பது எல்லாச் சாவியையும்தான். கணக்கில் வராத ஒன்று வெளியே இருந்ததென்று தெரிந்தால் சகலைக்குச் சல்லிக்காசு தேறாது. வண்டியைத் திருடும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. சகலை வண்டியின் பாதுகாப்பே தன் மழைக்கோட்டுப் பையில் கிடக்கிறது என்ற நினைப்பு இனித்தது, அவ்வளவுதான். பெண்டாட்டி கடைகண்ணிக்குப் போன நேரங்களில் உள்ளே போய் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவான். ஸ்டீயரிங்கில் கை வைப்பான். புதுப் பலகையும் பசையும் கலந்த வாசனையை இழுத்துவிடுவான். ஒருநாள் வாய்விட்டே சொன்னான்.

"அவன் இடத்துல நான் இருந்தா என்னவாம்? அடுத்தவன் வாழ்க்கைய ஒருத்தன் எடுத்துக்க முடியாதா?"

தலைக்கு மேலே, கூரையோடு ஒட்டி மடங்கியிருந்த கட்டிலின் ஸ்பிரிங் ஒன்று லேசாகக் கிறீச்சிட்டது. அதையும் அவன் பிளாஸ்டிக் கணக்கில் எழுதிவிட்டான்.

விளக்கு தானாக எரிந்த மறுநாள், கேரவனில் வீட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்த ஜன்னலின் திரை விலகியிருந்தது. ஒரு கண் பார்க்கும் அளவுக்கு மட்டும். கண்ணாடியில், உட்புறம், முகம் வைக்கும் உயரத்தில் மூச்சுப் படிந்த வட்டம். விரலால் தொட்டுப் பார்த்தான்; ஈரம். கைத்துணியால் துடைத்துவிட்டு அந்த இடுக்கில் தானும் கண்ணை வைத்துப் பார்த்தான். நேர் எதிரே அவன் வீட்டுச் சமையலறை. மஞ்சள் வெளிச்சம், அடுப்பில் ஏறிய பால், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்ளும் அவன் பெண்டாட்டி. இங்கிருந்து பார்க்கும்போது, யாரோ கொடுத்துவைத்தவனுடைய வீடு போலத்தான் இருந்தது.

அன்று மதியத்துக்கு மேல் திருகாணி தீர்ந்துபோய் கடைக்குப் போனான். மழை பிடித்துக்கொண்டது. கடை வாசலில் ஒதுங்கி நின்று, திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பெண்டாட்டி கேட்காமலே டீ கொண்டுவந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அதுவே வழக்கத்துக்கு மாறு.

"இவ்வளவு நேரமும் கேரவன்ல உக்காந்து என்னையே பாத்துட்டிருந்தீங்களே, என்ன சங்கதி?"

"நான் கடைக்கு இல்ல போயிருந்தேன்?"

"போங்க. நான் கையாட்டினேன், நீங்களும் ஆட்டினீங்க." அவள் முகத்தில் கல்யாணமான புதிதில் பார்த்த வெட்கம். "எத்தனை வருஷமாச்சு நீங்க என்னை அப்படிப் பாத்து! நானும் குடுத்து வச்சவதான்னு தோணிச்சு."

டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"மூஞ்சி தெரிஞ்சுதா?"

"உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

அவன் மனம் நேராகச் சகலையிடம் போய் நின்றது. அவனுக்கும் ஒரு திருட்டுச் சாவி இருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்து இவளைப் பார்க்கிறான். இருட்டிய நேரம், மழை, ஆளை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறாள். வண்டி போதாதென்று இதுவுமா? காது மடல்கள் சுட்டன. போனை எடுத்தான்.

"சொல்லுங்க சகலை," என்றான் எதிர்முனையில் அவன். பின்னால் கொழுந்தியாள் குரல், பிள்ளைகள் சத்தம், பள்ளி விழாவின் மைக். "நாங்க மத்தியானத்துலேருந்து இங்கதான் இருக்கோம். என்னாச்சு? கண்ணடியா?" சிரிப்பு.

பூட்டுக்காரன் இணைப்பைத் துண்டித்தான். போனைக் கோட்டுப் பையில் போட்டான். மூன்றாவது ரிமோட் அங்கே இருந்தது. கோட்டோடு முற்றத்தைத் தாண்டினான்.

உள்ளே ஏறியதும் நனைந்த கோட்டைக் கதவோரக் கொக்கியில் மாட்டினான். மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது. வேலைக்காக வண்டியின் பெரிய பாட்டரியை அவனே கழற்றியிருந்தான். அலாரமும் பூட்டும் மட்டும் தங்கள் சின்ன பாட்டரியில் உயிரோடு இருந்தன. டார்ச் வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். குளியலறையைப் பார்த்தான். ஆள் இல்லை. சமையலறைப் பக்கத்துக் கண்ணாடியில், துடைத்த இடத்திலேயே, மறுபடி அந்த வட்டம்.

வாசனையும் மாறியிருந்தது. புதுப் பலகை இல்லை, பசை இல்லை. பூட்டுக்குப் போடும் கிரீஸ், அதோடு வியர்வை. தன் சட்டையைத் தானே தலை வழியாகக் கழற்றும்போது வருகிற வாசனை.

சோபாவின் பின்கோடியில் உட்கார்ந்தான். டார்ச்சை அணைத்தான். அசையவில்லை.

விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

சென்சார்கள் இரண்டு. கைத்துணியை எடுத்துப் பின்பக்கத்துச் சென்சாரை மூடினான். மறுபடி அசையாமல் உட்கார்ந்தான். எரிந்தது. அப்படியானால் முன்பக்கம். ஓட்டுநர் இருக்கைப் பக்கம். அவன் தினமும் உட்கார்ந்த இடத்துக்கு மேலே.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

மேல்கட்டில் ஒரு சாண் இறங்கியிருந்தது. பட்டனுக்கு மின்சாரமே கிடையாது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சாண் இறங்கியது, யாரோ உள்ளேயிருந்து முதுகால் அமுக்குவதுபோல மெதுவாக. பிளாஸ்டிக் உறை சரசரத்தது. பிறகு சத்தமில்லை.

விளக்கு இப்போது அணையாமல் எரிந்தது.

போகாதே என்று உடம்பு சொன்னது. யார் அவன், என் பெண்டாட்டியைப் பார்த்தவன் யார் என்று வயிறு கேட்டது. வயிறுதான் ஜெயித்தது. முன்னால் போனான். இருக்கையில் கால் வைத்து ஏறி டார்ச்சை அடித்தான். உறையின் மேல் ஓர் ஆள் படுத்த பள்ளம். தோள். இடுப்பு. சற்று மடக்கிய வலது முழங்கால். அவன் படுப்பது போலவே. பள்ளம் காலி. தொட்டான். சூடு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பினான். கொக்கியில் கோட்டு இல்லை. கொக்கிக்கு நேர் கீழே தரையில் தண்ணீர் மட்டும்.

வெளியே ரிமோட்டின் ஒற்றைக் கூவல். பூட்டுகள் விழுந்தன. முன்னால், பக்கத்தில், பின்னால். அவன் பொருத்திய பூட்டுகள். சுத்தமான சத்தம்.

கைப்பிடியை இழுத்தான். தொளதொளவென்று ஆடியது. மறுபடி இழுத்தான். முன்கதவு. அதுவும் செத்திருந்தது. ஜன்னல். உள்பூட்டு. சாவி பட்டறை மேசையில். போன் கோட்டில். ஹாரனை அழுத்தினான். ஊமை.

கண்ணாடியில் முகத்தைப் பதித்தான்.

மழையில் அவன் கோட்டு நடந்துபோனது. அவசரமில்லாமல். வலது காலை லேசாக இழுத்தபடி, அவன் நடக்கிற மாதிரி. சமையலறைக் கதவு திறந்தது. அவன் பெண்டாட்டி கோட்டை வாங்கி மாட்டினாள். துண்டை எடுத்து அந்தத் தலையைத் துவட்டினாள். துண்டு விலகியது.

அவன் முகம்.

அவள் ஏதோ சொன்னாள். அந்த முகம் அவளைப் பார்த்தது. ஒரு விநாடிகூடக் கேரவன் பக்கம் திரும்பாமல், வேறெதுவும் தனக்கு வேண்டாம் என்பதுபோல அவளையே பார்த்தது. அவன் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அவள் சிரித்தாள். உலகத்தில் யார் மேலும் இதுவரை வராத பொறாமை பூட்டுக்காரனுக்கு அந்த ஆள் மேல் வந்தது.

"அது நான் இல்லடி!" கண்ணாடியைக் குத்தினான். இரட்டைக் கண்ணாடி. மழை.

அலாரம். அலாரம் இருக்கிறதே என்று நினைத்தான். சைரன் இல்லாவிட்டாலும் விளக்கு இருக்கிறது. சிவப்பு வெளிச்சம் ஜன்னலில் தெரிந்தால் அவள் பார்ப்பாள். சென்சாருக்கு நேரே கையை ஆட்டினான். ஆடினான். குதித்தான். கைத்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மற்ற சென்சாருக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் வீசினான்.

எதிரே அந்த ஆள் சமையலறை ஜன்னலுக்கு வந்து, கேரவனைப் பார்த்து மெதுவாகக் கையாட்டிவிட்டு, திரையை இழுத்து மூடினான்.

பூட்டுக்காரன் கண்ணாடியோடு ஒட்டி நின்றான். முகத்துக்கு நேரே மூச்சு வட்டமாகப் படிந்தது, அவன் துடைத்த அதே இடத்தில். ஒரு கையை இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

விளக்கு எரியவில்லை.