கொல்வதற்கு எந்த லைட் நல்லது?

போன் அலறியது!

உப்புத் தண்ணீர் சொட்டும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே எடுத்தாள் தொட்டியக்கா.

கண்ணாடித் தொட்டி, கடல் மீன், உயிர்ப் பவளம்... இருபது வருட வியாபாரம். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

"அந்தப் பல் டாக்டர் வீட்டுத் தொட்டிக்கு லைட் போட்டது நீயா?"

குரலில் மரியாதை இல்லை. போலீஸ்!

"நான்தான் சார். ஏன், லைட் அணைஞ்சுடுச்சா?"

"லைட்டும் அணைஞ்சுடுச்சு... டாக்டரும் அணைஞ்சுட்டார்!"

"சார்...!"

"நேத்துக் காலைல. உன் டியூப்லைட் செட் தண்ணிக்குள்ள விழுந்து, ஷாக் அடிச்சு, ஆள் ஸ்பாட்லயே காலி. அவர் தம்பி உன் மேல புகார் குடுத்திருக்கார். உடனே அந்த வீட்டுக்கு வா. மாத்துத் துணியும் டூத் பிரஷும் எடுத்துட்டு வந்தா உனக்குத்தான் நல்லது."

"டியூப்லைட்டா? அதைக் கழட்டி ஒரு வருஷம் ஆச்சே சார்! எல்.இ.டி. போட்டுக் குடுத்தேனே..."

லைனில் யாரும் இல்லை.

வீட்டு வாசலிலேயே நாற்றம் அவள் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது.

அழுகிய முட்டையும் ஊறிப்போன செருப்பும் கூட்டு வியாபாரம் தொடங்கியது போல ஒரு நாற்றம்!

ஹாலில் இன்ஸ்பெக்டர். முகத்தில் பாதி கைக்குட்டை. மீதிப் பாதி பச்சை.

"எப்படிம்மா இந்தக் கருமத்தை வீட்டுக்குள்ள வச்சுக் கும்பிடறாங்க?"

"கரண்ட்டை நிறுத்திட்டீங்களா சார்?"

"ஆதாரம் கலையக் கூடாதுல்ல..."

"பம்ப் நின்னா தண்ணி ஓடாது. தண்ணி ஓடலைன்னா பவளத்துக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் முழுக்க நிறுத்தி வச்சிருக்கீங்க. டாக்டரோட சேர்த்து ஒரு கடலே செத்துப்போச்சு!"

ஆறடித் தொட்டி. தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியிருந்தது. பவளங்களின் சதை சளியாக ஒழுகிக்கொண்டிருந்தது. கல் பொந்துகளிலிருந்து விரல் நீளப் புழுக்கள் எட்டிப் பார்த்தன. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அத்தனை சாவுக்கு நடுவிலும் ஒரே ஒரு ஜீவன் மட்டும் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. முதுகில் சங்கைச் சுமந்த நண்டு! ஒரு செத்த மீனின் கண்ணைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு ஓடினார்.

"உவ்வே...!"

"தண்ணி குடிங்க சார்," என்றபடி வந்தான் டாக்டரின் தம்பி. அண்ணனின் கிளினிக்கில் சகல நிர்வாகமும் இவன்தான். அழுது வீங்கிய கண்கள். கையில் ஒரு பழைய பில்.

"இந்தம்மாதான் சார்! இதோ, டியூப்லைட் செட் வித்த பில். மூணு வருஷத்துக்கு முன்னாடி!"

"வித்தேன், இல்லேங்கல," என்றாள் தொட்டியக்கா. "போன வருஷம் அதைக் கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டு எல்.இ.டி. மாட்டினேன்."

"அதுக்கு பில்?" இன்ஸ்பெக்டர் கை நீட்டினார்.

அவள் அந்த நீட்டிய கையையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"பில் வேணாம், வரியைக் கழிச்சுக்கிட்டுக் குடுன்னு டாக்டர் ரெண்டு மணி நேரம் என் உசுரை வாங்கினார் சார். கொடுத்துட்டேன்."

"ஆக, பில் இல்ல. அந்த எல்.இ.டி.யும் இந்த வீட்ல இல்ல. தேடிப் பார்த்தாச்சு. தண்ணிக்குள்ள கிடந்தது உன் டியூப் செட். செத்தவர் கைல ஒரு பவளத் துண்டு. விரலைப் பிரிக்கவே நாலு பேர் வேண்டியிருந்துச்சு. கேஸ் முடிஞ்சுது. வண்டில ஏறு!"

இருபது வருட வியாபாரத்தில் முதல் முறையாக ஒரு பில்லுக்காக ஏங்கினாள் தொட்டியக்கா. இன்றைக்கு அந்த வண்டியில் ஏறினால் கடைக்கு நிரந்தரப் பூட்டு. செத்தவனுக்கு லைட் விற்றவளிடம் எவன் மீன் வாங்குவான்?

"ரெண்டே நிமிஷம் சார். தொட்டியை ஒரு தடவை பார்க்க விடுங்க."

"இந்தச் சாக்கடையில என்ன பார்க்கப் போறே?"

"நீங்க பொணத்தைப் பார்த்துக் காரணம் சொல்வீங்க. நான் பவளத்தைப் பார்த்துச் சொல்வேன்."

கையுறையை மாட்டினாள். முழங்கை வரை உள்ளே விட்டாள். பெரிய கிளைப் பவளம் ஒன்றை ஒடித்து வெளியே எடுத்தாள்.

சளி கோடு கோடாக இழுபட்டு, இன்ஸ்பெக்டரின் பளபளக்கும் பூட்ஸ் மேல் சொட்டியது.

"அய்யய்யய்யே...! தூரப் பிடிம்மா!"

"கிட்ட வந்து பாருங்க சார். கிளைக்கு மேல் பக்கம் என்ன இருக்கு?"

"ஊதாச் சளி!"

"அடிப்பக்கம்?"

"...வெள்ளையா இருக்கு."

"எலும்பு! பவளத்துக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. எல்.இ.டி. டார்ச் மாதிரி மேலேர்ந்து நேரா அடிக்கும். கிளைக்கு அடியில நிழல் விழும். நிழல்ல இருக்கற சதை பட்டினி கிடந்து செத்துப் போகும். டியூப் அப்படி இல்ல. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நாலு பக்கமும் வெளிச்சத்தைத் தெளிக்கும். அடிப்பக்கமும் கலரா இருக்கும்."

"நேத்துக் கரண்ட் போனதுல வெளுத்திருக்கலாமே?" தம்பி குறுக்கே வந்தான்.

"நேத்து செத்தது இன்னும் ஒழுகிக்கிட்டு இருக்கு தம்பி! இதைத் தொட்டுப் பாரு. வெறும் எலும்பு. அங்கங்க பாசி படிஞ்சு, புழு கூடு கட்டி, கூட்டை விட்டுக் காலி பண்ணியும் போயாச்சு. இது ஒரு நாள் கணக்கு இல்ல. ஒரு வருஷத்து நிழல்!"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டைக்கு மேலே யோசித்தார்.

"தண்ணில விழுந்த அந்த டியூப்பைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

ஆதாரப் பை வந்தது. டியூப்பின் ஓரத்து மூடியில் கறுப்பு மார்க்கரில் ஒரு தேதி. இரண்டு வருடத்துக்கு முந்தையது.

"என் கையெழுத்து. நான் மாட்டற ஒவ்வொரு டியூப்லயும் தேதி போடுவேன். பார்க்கப் பளிச்சுன்னு எரியும். ஆனா வருஷம் திரும்பினா பவளத்துக்கு ஆகாது. டாக்டர் சொந்தப் பல்லை விளக்க மறந்தாலும் மறப்பார்... காலாவதியான டியூப்பைத் தன் பவளத்து மேல ஒரு வாரம் விட மாட்டார்!"

"அப்ப... யாரோ ஸ்டோர் ரூம்லேர்ந்து பழசை எடுத்து மாட்டியிருக்காங்க. எதுக்கு?"

"நான் குடுத்த எல்.இ.டி. தண்ணில விழுந்தா லைட்தான் சாகும் சார். அடாப்டர் தூரத்துல அலமாரிக்குள்ள இருக்கு. தொட்டிக்கு மேல வர்றது சும்மா பொடிக் கரண்ட். டியூப் செட்டுக்கு வீட்டுக் கரண்ட் அப்படியே வரும். பவளம் வளர்க்க ரெண்டுமே ஆகும்." ஆதாரப் பையைத் தட்டினாள். "ஆள் சாகணும்னா... டியூப்தான்!"

"கொலை!"

கைக்குட்டையை இறக்கிவிட்டுக் கர்ஜித்தார் இன்ஸ்பெக்டர். மறு நொடியே நாற்றம் மூக்கில் ஏற, அவசரமாக மேலே ஏற்றிக்கொண்டார்.

"கொக்கியையும் பாருங்க சார். நான் நாலு கம்பி போட்டுத் தொங்க விடுவேன். இங்க ஒரே ஒரு நூல் அறுந்து கிடக்கு. உள்ள கை விடறவங்க லேசா இடிச்சாலே போதும்!"

"இந்த வீட்ல அவரைத் தவிர இருந்தது யாரு?"

தம்பியின் விரல் மெல்ல மாடியை நோக்கி உயர்ந்தது.

"அண்ணி!"

தூக்க ஊசி போட்டு நேற்றிலிருந்து படுக்க வைத்திருந்த டாக்டரின் மனைவி, சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, என்னைப் பார்த்து விரலை நீட்டறே?"

"அண்ணி, உங்களுக்கு இந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாதே!"

"ஆகாதுதான். யாருக்கு ஆகும்? சோறு உள்ள இறங்காது, துணியெல்லாம் வாடை. வீடு என் பேர்ல இருக்கு. தொட்டியா, நானான்னு ஒரு வாரம் டைம் குடுத்துட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்."

"லைட்டை மாத்தினது நீங்கதானே?" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

"நான் வந்ததே நேத்துக் காலைல சார். அவர்தான் போன் பண்ணினார். 'தொட்டியை வித்துட்டேன், வாங்கறவர் பத்து மணிக்கு வர்றார், கண்ணாடியை நீதான் பளிச்சுன்னு துடைப்பே, கடைசியா ஒரு தடவை துடைச்சுக் குடு'ன்னு."

"டாக்டர் தொட்டியை வித்துட்டாரா?" தொட்டியக்காவுக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியாம இந்த ஊர்ல யாரு வாங்கப் போறா? ஏம்மா, எப்பவும் துடைக்கறது நீங்கதானா?"

"தினமும் நான்தான் அக்கா. அவர் உள்ள கையே விட மாட்டார். வாடை வந்தா பேஷண்ட் வாயைத் திறக்க மாட்டாங்களாம்!"

நண்டு மட்டும் நடந்தது.

"நேத்து என்ன நடந்துச்சு?"

"வந்தேன். அதிசயமா எனக்குக் காபி போட்டு வச்சிருந்தார். தொட்டிக்கு எதிர்ல சோபாவுல உட்கார்ந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தார். வெளிச்சம் நீலமா இல்லாம வெள்ளையா இருக்கேன்னு கேக்க வாயெடுத்தேன். 'முதல்ல துடை'ன்னார். கைல சோப்பு வாடை இருந்தா பவளம் செத்துடும்னு அவர் போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு. ரெண்டு நிமிஷம் வெறும் தண்ணில கழுவணும். அதுக்காகச் சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்தேன்... 'ஐயோ'ன்னு ஒரு அலறல்!"

தொட்டியக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"தம்பி... அந்தப் பழைய பில்லை எங்கேருந்து எடுத்தே?"

"அண்ணன் மேஜை மேல தயாரா..." பாதியில் நின்றான். கையிலிருந்த பில்லைத் திருப்பிப் பார்த்தான். "சார்... மூணு நாள் முன்னாடி அண்ணன் ஒரு நீளமான பெட்டியைக் கிளினிக்ல வைக்கக் குடுத்தார். உடையற சாமான், யாரும் தொடக் கூடாதுன்னார்."

"போன் போடு! ஸ்பீக்கர்ல!"

கிளினிக் ரிசப்ஷன் பெண் பெட்டியைப் பிரிக்கும் சரசரப்பு கேட்டது.

"லைட்டு சார்... நீலமா குட்டிக் குட்டி பல்பு. பல்லுக்கு வைக்கற பஞ்சை வச்சு, குழந்தை மாதிரி சுத்தியிருக்கு."

டாக்டர் மனைவி மெதுவாக உட்கார்ந்தாள்.

அதே சோபா! சட்டென்று துள்ளி எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"தொட்டியா, நானான்னு கேட்டேன்..." தொட்டியைப் பார்த்தாள். "பதில் சொல்லிட்டார்!"

"பெண்டாட்டி துடிக்கறதைப் பார்க்க, காபியும் போட்டு வச்சுக்கிட்டு முன் சீட்ல உட்கார்ந்திருக்கான்!" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். "பழியை உன் தலையில கட்ட பில்லையும் தேடி எடுத்து வச்சிருக்கான். லைட்டுக்குப் பஞ்சு... பெண்டாட்டிக்குக் கரண்ட்! த்தூ!"

"இந்த நாத்தம் பரவாயில்ல சார்," என்றாள் தொட்டியக்கா. "இதையாவது கழுவிடலாம்."

இன்ஸ்பெக்டர் புகாரை இரண்டாகக் கிழித்துத் தம்பியின் கையில் திணித்தார். பிறகு சந்தேகமாக நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு இடிக்குது. கையே விடாதவன், தானே கட்டின பொறின்னு தெரிஞ்சும் ஏன் விட்டான்?"

"அவர் கைல இருந்த துண்டு என்ன கலர் சார்?"

"ஆரஞ்சு. நடுவுல பச்சை."

"அவரோட செல்லப் பவளம்! ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்கினது. அந்த மேடைல உட்கார்ந்திருக்கும். பக்கத்துப் பவளத்து மேல அது சாய்ஞ்சா, ராத்திரிக்குள்ள அந்தப் பவளம் இதைக் கொட்டிக் கரைச்சுடும். சாயறதைப் பார்த்ததும் பொறியாவது, பொண்டாட்டியாவது... எல்லாம் மறந்துபோச்சு. பாய்ஞ்சிருக்கார். லைட்டை இடிச்சிருக்கார்."

"தானா சாயாதே. தள்ளிவிட்டது யாரு?" இன்ஸ்பெக்டரின் பார்வை மறுபடியும் மனைவி பக்கம் திரும்பியது. "நீங்க நிஜமாவே சமையலறைலதான் இருந்தீங்களா?"

அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். சாட்சி யார்?

டொக்!

தொட்டிக்குள்ளிருந்து சத்தம். நால்வரும் திரும்பினார்கள்.

சங்கு நண்டு கல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. வழியில் நின்ற பவளத்தை, கடன்காரனைக் கடையை விட்டுத் தள்ளுவது போல, முதுகுச் சங்கால் இடித்தது. பவளம் உருண்டு கண்ணாடியில் மோதியது.

டொக்!

"பார்த்தீங்களா சார்! குற்றவாளி உங்க கண்ணு முன்னாடியே ரெண்டாவது தடவை செய்யறான்! இவனைத் தூக்கிடுங்கன்னு டாக்டர்கிட்ட நூறு தடவை சொன்னேன். பாசி தின்னுது, இருந்துட்டுப் போகட்டும்னார்."

இன்ஸ்பெக்டர் நீண்ட நேரம் நண்டைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எழுதித்தானே ஆகணும்... பேரு?"

"இல்ல சார்."

"நிரந்தர முகவரி?"

"முதுகுலயே வச்சிருக்கான் சார். ஆனா சீக்கிரம் சம்மன் குடுத்துடுங்க... பெரிய சங்கு கிடைச்சா காலி பண்ணிடுவான்!"