ரோஸ் நிறச் செருப்பு, இடது கால்

சனிக்கிழமை மாலை பிள்ளைகள் வாரி வெளியே போட்ட குப்பையை ஞாயிறு விடிவதற்குள் 'மீட்டி' திரும்பச் செய்து வைத்திருந்தது. கீழக்குளத்துப் படித்துறையோரம் பதினேழு தண்ணீர் பாட்டில்கள், கிழிந்த உரச் சாக்கு ஒன்று, பாதி டயர். ஆகாயத்தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு ரோஸ் நிறச் செருப்பு மிதந்தது. இடது கால்.

"இந்தச் செருப்ப மட்டும் நூறு தடவ எடுத்திருப்பேன்," என்றாள் மகிழினி. மருதன்குறிச்சிப் பள்ளியின் நீர்நிலைக் குழுத் தலைவி, எட்டாம் வகுப்பு. முழங்கால் வரை சேறு. கரையில் நின்ற அபிநயாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏன் ஆச்சி இவ்வளவு கரெக்டா எழுதுனீங்க?"

அபிநயா மிதக்கும் செருப்பைப் பார்த்தாள். ஐம்பத்தொரு வருடங்களுக்கு முன் அதே பள்ளியில், அதே குழுவுக்கு, அவள்தான் தலைவி.

மீட்டி என்பது ஒற்றை இயந்திரம் அல்ல. குளத்து நீரில் கலந்து கிடக்கும் கடுகளவு மணிகள், பல கோடி. ஒரு குளத்தின் பழைய நிலையை அவற்றுக்குச் சொல்லிவிட்டால் போதும். குறைந்ததை வளர்க்கும், கூடியதைக் கரைக்கும், அந்த நிலையிலேயே குளத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய நிலையை யார் சொல்வது என்பதுதான் சிக்கலாக இருந்தது. தேடிப் பார்த்ததில், ஊர் ஊராக, குளம் குளமாக எழுதப்பட்டிருந்தவை பள்ளி மாணவர் குழுக்களின் குறிப்பேடுகள் மட்டுமே. அவற்றையே மூலப்பதிவு என்று சட்டம் ஏற்றது. வீட்டுமனைக்காரர்கள் அதைத் திருத்த முயன்றபோது சட்டம் இன்னும் இறுகியது. எழுதிய கை மட்டுமே, உயிரோடு இருந்தால், ஒரே ஒரு முறை, சத்தியம் செய்து திருத்தலாம்.

அந்தக் குறிப்பேடுகளை எழுதிய பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்றுதான்: கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். அவர்கள் கண்டது சாக்கடையை. எண்ணி எண்ணி எழுதினார்கள். மீட்டி அவர்களை நம்பியது. கீழக்குளத்துக்குப் பாட்டில் பதினேழு என்றால் பதினேழு. ஒன்று குறைந்தால் சேற்றில் கிடக்கும் பிளாஸ்டிக் துகளைத் திரட்டி இன்னொன்று செய்து வைக்கும்.

மேலக்குளம் அரை மைல்தான். அங்கே அல்லி பூத்துக் கிடந்தது. கூழைக்கடாக்கள் கருவமரத்தில் கூடு கட்டின. ஆற்றிலிருந்து கால்வாய் வழியே நீர்நாய்கள் வந்து தங்கிவிட்டன. அந்தக் குளத்துக்கு மூலப்பதிவு எழுதியவன் இசக்கிராஜ். அப்போது அவளுடைய வகுப்புத் தோழன். பிறகு முப்பத்தெட்டு வருடம் அவளுடைய கணவன். போன ஐப்பசியோடு அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

திங்கட்கிழமை காலை மூலப்பதிவுகளின் சரிபார்ப்பு அதிகாரி ஜெபசீலன் அபிநயாவின் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். காபியை வாங்கிக் கீழே வைத்தவர் அதைத் தொடவில்லை.

"மேலக்குளத்துப் பதிவுல ஒரு சந்தேகம்மா. அந்த வருசம் அங்க செங்கச் சூளை ஓடியிருக்கு. பழைய அனுமதிச் சீட்டு கெடச்சிருக்கு. சூளை நடக்கிற எடத்துல கூழைக்கடா எப்படி?"

"எழுதுனவருட்ட கேக்கணும்."

"அவுக இல்லையே. அதான் உங்ககிட்ட வந்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'பார்த்தேன், சரி'ன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரின்னு சொன்னீங்கன்னா விட்டுருவோம். பொய்யின்னா, திருத்த ஆள் இல்லாததால மணிகள எடுத்துருவாங்க."

"எடுத்தா?"

"ரெண்டு மாசம் தாங்கும்." அவர் காபியைப் பார்த்தார். "எனக்கும் அந்தக் குளம் பிடிக்கும்மா. ஆனா நீங்க இந்தத் தாலுகாவுல முப்பது வருசம் நிலம் அளந்தவுக. ஒரு ஜாண் மாத்தி எழுதுனதில்லன்னு எல்லாரும் சொல்லுதாக. நீங்க சொல்றதுதான் முடிவு. புதன்கிழம ஆபீசுக்கு வாங்க."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் காபித் தம்ளரைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

பதிவு எழுதிய அன்று சித்திரை வெயில். ஒன்பதாம் வகுப்பு. கீழக்குளத்தை அவள் முடித்ததும், அவளும் இசக்கிராஜும் சேர்ந்து மேலக்குளம் போவதாக ஏற்பாடு. பாட்டில்களை எண்ணக் குனிந்தவள் சறுக்கினாள். எழுந்தபோது இடது செருப்பைக் காணோம். இரண்டாவது நிமிடம் அது குளத்து நடுவே மிதந்தது. இசக்கிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதல. எடுத்துக் குடு."

"அந்தத் தண்ணிக்குள்ளயா? என்னால ஆகாதுட்டி. இப்ப அது குப்ப. கண்டதத்தான எழுதணும், தலைவி? எழுது."

ஆத்திரத்தில் எழுதினாள். நிறத்தையும் எழுதினாள், எந்தக் கால் என்பதையும் எழுதினாள். பிறகு தார் ரோட்டில் ஒற்றைச் செருப்போடு நொண்டியபோது அவன் தன் செருப்பைக் கழற்றி முன்னால் தள்ளினான். அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு மேலக்குளத்துக்குத் தான் மட்டும் போவதாகச் சொன்னான். மறுநாள் வகுப்பில் குறிப்பேட்டை நீட்டினான். கூழைக்கடா நாற்பது. நீர்நாய் மூன்று. விரால், அயிரை, அல்லி, கோரை.

"எங்கல பாத்த இதெல்லாம்?"

"மேலக்குளத்துக்குப் போற வழியெல்லாம் கருவ முள்ளு. வெறுங்காலோட எப்படிப் போவேன்? நெழல்ல இருந்தே பாத்தேன்."

"பச்சப் பொய்யுல்லா இது."

"கையெழுத்துப் போடாட்டி செருப்பக் குடு."

அவனுடைய செருப்பு அப்போது அவள் காலில் இருந்தது. வாழ்க்கையில் அவள் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். அந்த வருடமே 'பிழையில்லாப் பதிவு' என்று அவள் பெயரைப் பள்ளி வாசலில் பலகையாக மாட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அதைத் தாண்டும்போதெல்லாம் இசக்கிராஜ் நின்று சல்யூட் அடிப்பார். "தலைவி, செருப்பு பத்திரமா மிதக்கா?" என்பார்.

மகிழினியின் கேள்விக்குப் பதில் இருந்தது என்று அவளுக்கு இப்போது தோன்றியது. கோபத்தில் எழுதினேன் பிள்ளை. சரியாக எழுதினால் யாராவது வந்து சுத்தம் செய்வார்கள் என்று நினைத்து எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஒரு புது நோட்டோடு மேலக்குளத்துக் கரைக்குப் போனாள். கற்பனையாக எதையும் எழுத அவளுக்கு வராது. அது இசக்கிராஜுக்குத்தான் கைவரும். அதனால் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினாள். கூழைக்கடாக்களை இரண்டு முறை எண்ணினாள். ஐம்பத்து மூன்று. நீர்நாய் ஒன்று மீனோடு மேலே வந்து, அவளைப் பார்த்துக்கொண்டே தின்று முடித்தது. அதையும் குறித்தாள். மதியத்துக்குள் பத்தொன்பது வரிகள் ஆகிவிட்டன. எல்லாம் மெய். மேலே எழுதிய குளத்தின் பெயர் மட்டும் கீழக்குளம்.

புதன்கிழமை ஜெபசீலன் ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கினார்.

"மேலக்குளம்."

"சரியான பதிவு. அதுல மாத்த ஒண்ணுமில்ல."

அவர் மூச்சு விட்டார். கருவியை நிறுத்தப் போனபோது அவள் கையை உயர்த்தினாள்.

"கீழக்குளம். அது நான் எழுதுனது. பொய்ப் பதிவு. திருத்தணும்."

ஜெபசீலன் கருவியிலிருந்து கையை எடுத்தார். "அம்மா, புரிஞ்சுதான் சொல்லுதீங்களா? பொய்ப் பதிவு எழுதுனவங்க பட்டியல்ல உங்க பேரு வரும். அந்தப் பலகையையும் கழத்திருவாங்க. நாளைக்கு அந்தப் பிள்ளைகளே உங்கள ஒரு மாதிரி பாக்கும்."

"பாக்கட்டும்."

"எதுக்கு அப்படி எழுதுனீங்கன்னு கேட்டா?"

"சின்ன வயசு. ஒருத்தன் மேல கோவம்."

அவள் நோட்டை நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார். ஐம்பத்து மூன்று என்ற எண்ணில் விரல் நின்றது. மேலக்குளத்தில் இந்த வாரம் எத்தனை பறவைகள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"நீர்நாய் மீனோட மேல வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா?"

"பாத்தேன். சத்தியமா."

அவர் நிமிரவில்லை. கடைசி வரிக்கு வந்தார். இருபதாவது வரி, வேறு மையில் இருந்தது. ரோஸ் நிறச் செருப்பு, இடது கால், ஒன்று.

"இத அடிச்சிரலாம்லா அம்மா? பிள்ளைகளுக்கு ஒரு வேல மிச்சம்."

"அடிக்காதீங்க சார். அது ஒண்ணு நெசமாவே கெடந்தது."

நோட்டைப் பார்த்து அவள் நிரப்பிய திருத்தப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'உடன் பார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பத்தொன்பது கட்டங்களை அவள் காலியாக விட்டிருந்தாள். இருபதாவதில் இசக்கிராஜ் என்று எழுதி, ஒப்பமிட்டுக் கொடுத்தாள்.