கழற்றி வைத்த அட்டைகள்

கிரகணம் விட்டு, பிள்ளையார்பாளையமே தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனந்தகுமார் வீட்டுத் தறி அறையில் மட்டும் வெளிச்சம் திரும்பவில்லை.

ஜன்னலைத் திறந்தான். தெருவில் மஞ்சள் வெயில், கழுவிவிட்ட வாசல்களின் ஈரம், கோயில் நடை திறக்கிற மணி. அத்தனையும் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றன. ஒன்றும் உள்ளே விழவில்லை. உள்ளே பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடை, அதற்கும் அடியில் எலும்பு தீய்கிற மாதிரி ஒரு நாற்றம். விசிட்டிங் கார்டில் 'டிசைன் சக்கரவர்த்தி' என்று அச்சடித்துக்கொண்டவனிடம் எதற்கும் பதில் இருக்கும்.

"மேகம்," என்றான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"இன்னாங்க, லைட்டப் போடுங்களேன்," என்றாள் தறியில் உட்கார்ந்திருந்த மனைவி இளவரசி.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவளுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு முறை கலைந்துபோனது. கிரகணம் வயிற்றில் படக்கூடாது என்று அவள் அம்மா போனிலேயே மிரட்டினாள். மூடநம்பிக்கையை எதிர்த்து அரைமணி நேரம் சொற்பொழிவாற்றிவிட்டு, அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவனும் சக்கரவர்த்திதான்.

தறியில் இருந்தது சென்னைக் கண்காட்சி ஒன்றுக்கான பட்டுத் திரை. பழங்காலச் சீனர்கள் கிரகணத்தைக் கவனித்து நெருப்பில் சுட்டுக் குறிபார்த்த எலும்பிலும் ஆமையோட்டிலும் செதுக்கி வைத்தார்களே, அந்த விஷயம். சூரியன் கடிபட்டு, முழுக்க இருண்டு, மீண்டு வரவேண்டும். ஆர்டர் கொடுத்த சீனிவாசன் படித்துப் படித்துச் சொன்னார்:

"சூரியனைக் கடிச்ச டிராகன் அதை விடுற வரைக்கும் முரசு அடிச்சுக்கினே இருப்பாங்களாம்பா. கிரகணத்தைக் கணிக்காமக் கோட்டை விட்ட ரெண்டு ஜோசியருக்குத் தலையே போச்சுன்னு கதை. சூரியன் திரும்பி வர்றதை மட்டும் விட்டுடாத."

திரையில் நீளம் போதவில்லை. தறிக்கு மேலே டிசைனைச் சொல்லித்தரும் துளை அட்டைகள் மாலையாகத் தொங்கின. அதிலிருந்து மீளும் சூரியனின் அட்டைகளைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தான். இருட்டு முடிந்ததும் மறுபடி முதல் கடி. யார் பார்க்கப் போகிறார்கள்?

"வெளிய வாம்மா."

"கால எடுக்க முடியலைங்க. அதுவா மிதிக்குது." அவள் வயிற்றில் கை வைத்தாள். "கிரகணம் பிடிச்சதுலேர்ந்து புள்ள அசையல."

கடக். அட்டை புரண்டது.

அவளை அள்ளித் தூக்கப் பார்த்தான். பாறாங்கல். கத்தரியை எடுத்துப் பாவின் மேல் வைத்தான்.

"ஐயோ, வெட்டாதீங்க! கிரகணத்துல வெட்டினா புள்ளைக்கு ஆவாது!"

"அதான் விட்டுடுச்சேம்மா..."

"இங்க விடலையே!"

கத்தரி கைநழுவியது. இதையெல்லாம் மேடை மேடையாகக் கேலி செய்து சிரித்தவன் கஞ்சி அண்டாவைக் கவிழ்த்துக் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தான். கை அதிர்ந்தது. சத்தம் வரவில்லை.

கடக்.

அட்டைகள்! கழற்றி வைத்த அட்டைகள். பரண்மேலிருந்து இழுத்தான். கட்டு அவிழ்ந்து சிதறியது. சாமி. சாமி. கோக்கக் கயிறு. துளை எங்கே? விரலால் தடவினான். ஒன்றிலும் துளை இல்லை. எல்லாம் வழவழவென்று, ஆமையோடு மாதிரி.

கடக்.

"ஏங்க. சில்லுனு இருக்குது."

திரும்பினான். அவள் மஞ்சள் சேலைக்குள் உருண்டு நின்ற வயிற்றின் ஓரத்தில் வளைவாக ஒரு கறுப்பு. நிழலென்று குறுக்கே கையை வைத்தான். கறுப்பு கைமேல் விழவில்லை. கைக்கு அடியில் வயிறே அங்கு இல்லை.

தறிக் குழிக்குள் அவள் கால் மிதிப்பலகையைத் தேடி இறங்கியது.

கடக்.

இன்னொரு கடி.