இடது இடுப்பில் ஒரு கத்தி

“அந்தப் படத்தை எடுத்துடுங்க. இல்லன்னா இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்.”

ஹெடி சொன்னால் செய்துவிடுவார். எண்பது வயதாகியும் மரியேஹாம்ன் துறைமுகத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியரான ருனார் பதறிப்போய்க் கணினியின் முன்னால் நின்றுகொண்டார்.

‘சிக்னில்ட்’ கப்பல் அருங்காட்சியகமாகிப் பல காலம் ஆகிறது. அதன் பழைய படங்களை ருனார் ஸ்கேன் செய்ய, காப்பாளர் குன்னெவி தேர்ந்தெடுத்து இணையத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாளைக் காலை உலகமே பார்க்கும். வம்பை இழுத்தது கேப்டன் வீட்டுப் பரணிலிருந்து வந்த ஒரு கண்ணாடி நெகட்டிவ். புயலில் சுக்கானைப் பிடித்திருக்கும் இரண்டு பேர், பின்னாலிருந்து எடுத்த படம்.

அந்தப் புயலில் கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பி, நான்கு பேரைக் கடல் கொண்டுபோனது. சுக்கானில் இருவர் நின்றால் காற்று வரும் பக்கம் நிற்பவர்தான் பொறுப்பு, மற்றவர் கைகொடுப்பவர். அன்று சுக்கானில் நின்றவர்கள் ஹெடியின் அப்பா எஸ்கிலும் அல்ஃபோன்ஸும். விசாரணையில் இருவருமே தாம் கைகொடுத்ததாகச் சத்தியம் செய்தார்கள். ஊர் அல்ஃபோன்ஸை நம்பியது. எஸ்கிலுக்கு அதன்பின் எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்கவில்லை.

படத்தில் காற்றுப் பக்கம் நிற்பவரின் கத்தி இடது இடுப்பில் தொங்கியது. மாலுமிகள் கத்தியை உருவும் கையின் பக்கமே தொங்கவிடுவார்கள். அந்தக் கப்பலில் இடதுகைக்காரர் எஸ்கில் ஒருவர்தான்.

“அது அப்பா கத்திதான், நான் மறுக்கல. ஆனா அவர் பொய் சொல்றவர் இல்ல,” என்றார் ஹெடி. இடது கையில் பிடித்திருந்த காபிக் கோப்பையால் திரையைச் சுட்டிக்காட்டினார்.

அல்ஃபோன்ஸின் மகன் பெர்டில்தான் கப்பல் சங்கத்தின் தலைவர். ஜன்னலோரம் நின்றபடி அவர் அழுத்தமாகச் சொன்னார்: “யாரோட அப்பாவா இருந்தா என்ன? படம் இருக்கும்.”

பெர்டில்தான் படத்தில் ஏதோ கைவேலை செய்துவிட்டார் என்று ருனார் குன்னெவியின் காதைக் கடித்தார். குன்னெவி படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மேல்தளத்துக்குப் போய், ஒரு கயிற்றுச் சுருளோடு திரும்பினார்.

“ருனார், இந்த முறுக்கைப் பாருங்க. எந்தப் பக்கம் போகுது?”

“வலப்பக்கம். இந்தக் கப்பல்ல எல்லாக் கயிறும் அப்படித்தான்.”

“படத்துல?”

ருனார் குனிந்தார். படத்தில் இருந்த அத்தனை கயிறும் இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

“நெகட்டிவ்ல ஒரு முகம் பளபளன்னு இருக்கும், ஒரு முகம் மங்கலா இருக்கும். மாத்தி வச்சு ஸ்கேன் பண்ணினா படம் இடவலமா மாறிடும். எதைக் கீழே வச்சீங்க?” என்று குன்னெவி அமைதியாகக் கேட்டார்.

“பார்க்க அழகா இருந்ததை…” என்று இழுத்தார் ருனார்.

“வாத்தியாரே, மூளையையும் அப்படித்தான் கவுத்து வச்சிருக்கீங்களா?” என்றார் ஹெடி.

குன்னெவி படத்தை இடவலமாகத் திருப்பினார். கயிறுகள் சரியாகிவிட்டன.

பெர்டில் விடவில்லை. “திருப்பினா கப்பலும் சேர்ந்துதானே திரும்பும்? காத்துப் பக்கம் நிக்கிற ஆள் அதே ஆள்தானே?”

“அதே ஆள்தான். அவர் கத்தி மட்டும் இப்ப வலது இடுப்புல இருக்கு. இடதுல கத்தி வச்சிருக்கிறவர் மறுபக்கம் கைகொடுத்துக்கிட்டு நிக்கிறார்.”

பெர்டில் திரைக்கு அருகே வந்தார். அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். ருனாருக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சற்றுமுன் அவரைச் சந்தேகப்பட்டது மனதை உறுத்தியது.

“வேணும்னா எடுத்துடலாம்,” என்றார் ருனார்.

“நான் என்ன சொன்னேன்? இருக்கும்னு சொன்னேன்.” பெர்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படத்தின் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: காற்றுப் பக்கம், பொறுப்பில் – அல்ஃபோன்ஸ்.

ஹெடி அவர் தோளைத் தொட்டார்.

“நகரு பெர்டில். அடுத்த பேரை நான் அடிக்கிறேன்.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இடது கையாலேயே அடித்தார்.