மேகத்த நம்பாதீங்க

சொட்டுச் சொட்டாய்த் தூறல்... சிதி பூஸித் வண்டி நிலையத்தில் ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் போகும் வாடகை வண்டி இன்னும் கிளம்பவில்லை. எட்டுப் பேர் சேர வேண்டும். ஆறு பேர்தான் ஏறியிருந்தார்கள்.

வண்டிக்கு வெளியே நின்ற ரிஹாம் வானத்தைப் பார்த்தாள். ஒரே மேகம். சூரியன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. வெயில் பட்டால் தோலில் புற்று வருகிற நோய் அவளுக்குப் பிறவியிலேயே. முகத்துக்குக் கவசம், கைக்கு உறை... இருபத்து நான்கு வருடத்தில் பகல் மழையின் ஒரு துளிகூடக் கன்னத்தில் விழுந்ததில்லை. நாளை ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் அந்தக் கன்னத்தையே வெட்டப் போகிறார்கள். மூன்றாவது கட்டி. அதற்கு முன்னால் ஒரே ஒரு துளி...

கவசத்தைத் தூக்கினாள். சட்டென்று ஒரு கை அதை இழுத்து மூடியது.

"மேகத்த நம்பாதீங்க."

நெடுநெடுவென்று ஒருவன், தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் தலைக்கு மேல் பிடித்திருந்தான்.

"கை வைக்க நீங்க யாரு?"

"யாருமில்ல. மூடிக்கங்க."

"இது என் முகம்."

"அதனாலதான் சொல்றேன்."

வண்டிக்காரர் தலையை நீட்டினார். "சண்டைய உள்ள உக்காந்து போடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஏறினா எட்டு."

அவன் முந்திக்கொண்டு ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டான். சரியான திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டே அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி ஒரு மணி நேரமாயிற்று.

"என் பேரு வஜ்தி," என்றான் திடீரென்று. "வெயில்ல வர்ற கண்ணுக்குத் தெரியாத கதிர உள்ள விடாத தாள கண்ணாடில ஒட்டுறதுதான் வேலை. என் தங்கச்சிக்கும் இதே நோய்... ஒரு நாள் கடல் பாக்கணும்னா. மேகம்தானேன்னு நான்தான் கவசத்தக் கழட்டிவிட்டேன். அந்தக் கதிர் மேகத்தயும் தாண்டி வரும்னு தெரியல. ராத்திரியே முகமெல்லாம் கொப்புளம்... பதினாறு வயசுல போயிட்டா."

"அந்த ஒரு நாளாலயா?"

"அப்படின்னு டாக்டர் சொல்லல. நான்தான் சொல்லிக்கிறேன்."

அவன் கண்கள் சிவந்திருந்தன. ஜன்னலோரம் அவன் ஏன் உட்கார்ந்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில், அவள் அறை ஜன்னலுக்கும் அந்தத் தாளை ஒட்டித் தருவதாகச் சொல்லி, அளவைக் கேட்க ஏழு முறை ஃபோன் செய்தான் வஜ்தி. ஜன்னல் ஒன்றுதான். ஏழு முறையும் ரிஹாம் அவனைத் திட்டிவிட்டுத்தான் அளவைச் சொன்னாள்.

ஜூன் மாதம் ஒரு நடுப்பகலில் வந்து தாளை ஒட்டி முடித்தான். அவள் அம்மா முற்றத்தில் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ரிஹாம் கதிரை அளக்கும் கருவியைக் கண்ணாடியருகே பிடித்தாள். பூஜ்யம்.

"இனிமே இங்க பகல்லயும் கவசம் வேண்டாம்," என்றான்.

அவள் கழற்றவில்லை. "தங்கச்சிக்குச் செய்ய முடியாதத எனக்குச் செய்யறீங்க. நான் அவளுக்குப் பதிலா வந்தவ இல்ல."

அவன் மிச்சத் தாளைச் சுருட்டிக் கீழே வைத்தான். "முதல் நாள் அப்படித்தான் இருந்துச்சு... ஆனா அவ எங்கிட்ட சண்டையே போட்டதில்ல. உங்ககிட்ட திட்டு வாங்கத்தான் ஏழு தடவ ஃபோன் பண்ணினேன்."

ரிஹாம் மெல்லக் கவசத்தைக் கழற்றினாள். கண்ணுக்குக் கீழிருந்து உதடுவரை தையல் போட்ட பள்ளம்.

"நல்லா பாத்துக்கங்க. இன்னும் வெட்டுவாங்க. நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன்னு டாக்டர் எங்கம்மாகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு."

அவன் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, ரிஹாம். எத்தன நாளோ... அத்தன நாளும்."

அவள் கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கி அந்தப் பள்ளத்தின் வழியே ஓடியது. துடைக்கவில்லை.

"திங்கக்கிழமை மறுபடியும் வெட்டு," என்றாள். "ஜன்னலோரம் நீ உக்காந்துக்க."