நிழல் முடித்த ஆய்வேடு

“என் நிழலை நான் பார்க்கணும்.”

சேர்க்கைப் பிரிவின் மேசைக்குப் பின்னால் இருந்த தனசேகர், காதில் விழாதவர்போல அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இளவேனி நகரவில்லை. அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு தடவை சொன்னாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். நேற்றுவரை அவளோடு விண்ணப்பதாரர் குழுவில் அரட்டையடித்தவர்கள்தான். இன்று அவள் யாரென்றே தெரியாத முகங்கள்.

தனசேகர் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, உன் விண்ணப்பம் மஞ்சள்லதானே நிக்குது? சிவப்பு ஆகலையே. இருக்கறதைக் கெடுத்துக்கணுமா?”

“ஏழு மாசமா மஞ்சள் சார். மஞ்சக்காமாலைகூட இவ்வளவு நாள் இருக்காது.”

அவர் சிரிக்கவில்லை. இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு படிவத்தைத் தேடி எடுத்தார். அதன் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. விதி நாற்பத்தொன்று: விண்ணப்பித்தவர் தமது நிழலை நேரில் பார்வையிடக் கோரலாம். அந்த விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். கேட்கக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நிழலாக்கி வந்த பிறகு முனைவர் பட்டச் சேர்க்கையில் பரிந்துரைக் கடிதங்களை யாரும் படிப்பதில்லை. விண்ணப்பித்தவர் மூன்று நாள் தலையில் தலைவலை என்ற கம்பிவலையை மாட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்ய வேண்டும். பிப்பெட்டைப் பிடிக்கும் விதம், சொதப்பிய சோதனையைத் திரும்பச் செய்யும்போது விடும் பெருமூச்சு, வழிகாட்டி திட்டும்போது முகம் போகிற போக்கு என்று எதையும் விடாமல் அந்த வலை உறிஞ்சிக்கொள்ளும். அதை வைத்து, அவரைப்போலவே யோசிக்கிற ஒரு நிழலை உருவாக்கி, கணினிக்குள் இருக்கும் ஆய்வகத்தில், வழிகாட்டியின் நிழலுக்குக் கீழே, ஐந்து ஆண்டு உழைக்கவிடுவார்கள். வெளியே அது பதினோரு நாள். நிழல் பட்டம் வாங்குகிறதா, பாதியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவனம் முடிவெடுக்கும். ஓடிப்போகிற மாணவர்களை முதலிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

நிழல் செய்யாத ஒன்றை ஆள் செய்துவிட்டால் அந்த நிழல் செல்லாது. எந்த நிழலும் தன்னைப் பார்க்கக் கேட்பதில்லை. ஆகவே கேட்டவரின் கோப்பு அத்தோடு மூடப்படும். தாம்பரத்தில் இளவேனி ஆறு வாரம் படித்த பொறுமைப் பயிற்சி மையத்தில் இதைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த மையத்தில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒன்றுதான். வாயைத் திறக்காதே. கேள்வி வந்தால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பத்து எண்ணு. எண்ணி முடித்தும் கேள்வி இருந்தால் “சரி மேடம்” என்று சொல். பேரணாம்பட்டில் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன ஒருத்திக்கு, இதைத் தவிர வேறென்ன சொல்லித்தர ஆளிருக்கிறது? இளவேனி கற்றுக்கொண்டாள். ஜூன் மாதம் இந்தக் கோவளம் உயிர்வேதியியல் நிறுவனத்தில் மூன்று நாள் தலைவலையோடு உட்கார்ந்து, மூன்று நாளும் நாக்கை ஒட்டிக்கொண்டே இருந்தாள். பயிற்சியாளர் கைகொடுத்துப் பாராட்டினார்.

ஜூலையில் வால்பாறை நுண்ணுயிர் ஆய்வுக்கூடம். கொண்டை ஊசி வளைவில் பேருந்து பழுதாகி, நான்கு மணி நேரம் மழையில் நின்று, நனைந்த தலையோடு போய்ச் சேர்ந்தாள். தாமதத்துக்காக ஒரு நாளைக் கழித்துவிடுவோம் என்றார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டவில்லை. சண்டை போட்டு அந்த நாளைத் திரும்ப வாங்கினாள். கொடுத்த மண் மாதிரி எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்டு, அவர்களுக்கே தெரியாது என்று தெரிந்ததும் அதற்கும் சண்டை. ஈரத் தலைமேல் தலைவலை. மூன்று நாளும் வாய் ஓயவில்லை. வால்பாறை போயிற்று என்று அன்றைக்கே கணக்குத் தீர்த்துவிட்டாள்.

போன வாரம் வால்பாறையிலிருந்துதான் இடம் வந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. அவள் உயிரை விட்டு எதிர்பார்த்த கோவளமோ மஞ்சளிலேயே நின்றது. குரோமியம் பற்றிப் பேராசிரியர் வசுந்தரா எழுதிய ஒரு கட்டுரையைக்கூட அவள் விட்டதில்லை. வசுந்தராவின் ஆய்வகம் இங்கே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். வால்பாறையில் குரோமியத்தை அளக்க இருப்பது ஒரே ஒரு நிறமாலைமானி, அதுவும் பழுது.

அம்மா தினமும் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவாள். நேற்றும் கூப்பிட்டாள். “இன்னும் பாத்துனேகீறாங்களா? ஏழு மாசமா இன்னா பாக்கறாங்க? பொண்ணு பாக்க வந்தவனே பஜ்ஜியத் துன்னுட்டு ஒரு வாரத்துல பதில் சொல்லிட்றான்.” தையல் வரிசையில் உடன் வேலை செய்கிறவர்கள், இவ்வளவு படிக்கிற பெண்ணுக்கு ஊசி போடவாவது தெரியுமா என்று கேட்கிறார்களாம். இந்த டாக்டர் வேற டாக்டர் என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துவிட்டது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று. அரை மணியில் வசுந்தராவே வெளியே வந்து அவளை உள்ளே கூட்டிப்போனார். ஐம்பதைத் தாண்டிய, சரியாகத் தூங்காத முகம். படிவம் அவர் கையில் இருந்தது. அவர் திட்டவில்லை. திரையைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

தோல் பதனிடும் கழிவுச் சேற்றிலுள்ள குரோமியத்தை நஞ்சற்றதாக்கும் பாக்டீரியா. ஆய்வாளர்: இளவேனி, நிழல். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

“நாலு வருஷம் ரெண்டு மாசத்துல முடிச்சுட்ட,” என்றார் வசுந்தரா. “எங்க வரலாற்றுலயே வேகமானது.”

சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பாதி வழியில் நின்றது.

“அப்ப ஏன் மேடம் மஞ்சள்?”

வசுந்தரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடிஞ்சுபோச்சேம்மா. அதான்.”

பிறகு சொன்னார். தொடக்கத்தில் நிழல் முடித்தவர்களைத்தான் சேர்த்தார்களாம். அந்த மாணவர்கள் வந்து, கணினியில் ஏற்கெனவே இருப்பதை ஐந்து வருடம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தார்கள். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தேர்வாளர்கள் கேட்டார்கள். அதன்பின் ஆட்சிக்குழு சத்தமில்லாமல் முறையை மாற்றியது. நிழல் முடித்த வேலை நேராகச் சரிபார்ப்புக் குழுவுக்குப் போகும். யாருடைய நிழல் ஓரிடத்தில் முட்டி நின்றதோ, அந்த மாணவருக்குத்தான் இடம். அங்கேதானே விடை தெரியாத கேள்வி இருக்கிறது. முடித்தவர்களைச் சிவப்பில் போடவும் முடியாது. நிராகரிக்கக் காரணம் எழுத வேண்டும். இவர் வென்றுவிடுவார் என்று எப்படிக் காரணம் எழுதுவது? ஆகவே மஞ்சள். அவளோடு சேர்த்து நாற்பத்தொரு பேர். சிலர் மூன்று வருடமாக மஞ்சளில் இருக்கிறார்கள்.

“இது யார் பேர்ல வெளியாகும்?”

“நிறுவனத்துப் பேர்ல. தலைவலை போடறப்ப ஒப்புதல்ல கையெழுத்துப் போட்டிருக்க.”

இளவேனி திரையைத் தன் பக்கம் இழுத்துப் படிக்க ஆரம்பித்தாள். நன்றியுரையில் நிழல் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தது. ஒவ்வொரு முறையும் பொறுமையோடு வழிநடத்திய வசுந்தராவுக்கு இரண்டு முறை. பாக்டீரியா நல்ல பாக்டீரியாதான். சோதனைகள் சுத்தம். இப்படி யோசித்திருப்பேன், இந்த இடத்தில் இந்த வரைபடத்தைப் போட்டிருப்பேன் என்று தன்னையே அடையாளம் கண்டுகொண்டே வந்தவள், இரண்டாம் இயலின் மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

கழிவுச் சேறு நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து பெறப்பட்டது. உலர்த்தி, சலித்து, மும்முறை கழுவிப் பயன்படுத்தப்பட்டது.

“கழுவினதா?” என்றாள்.

“சேமிப்புல எல்லாமே கழுவித்தான் வைப்போம். நான்தான் கொடுத்தேன். என் நிழல் கொடுத்திருக்கும், அந்த ஆய்வகத்துல.”

“உப்பு எங்க மேடம்?”

வசுந்தரா புரியாமல் பார்த்தார். இளவேனிக்குக் கோபத்தில் குரல் தாழ்ந்தது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டித்தான் லாரியில் ஏற்றுவார்கள். அந்த உப்பெல்லாம் சேற்றுக்குத்தான் போகும், சேற்றிலிருந்து நிலத்தடிக்கு. அவள் தெருக் கிணற்றில் சோப்பு நுரைக்காது, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அங்கே தெரியும். மும்முறை கழுவிய சேறு எந்த ஊரிலும் கிடையாது. அந்த உப்பில் இந்த பாக்டீரியா ஒரு நாள் தாங்காது.

“சரிபார்ப்புக் குழு அஞ்சு தடவை செஞ்சு பாத்தாங்களே. அஞ்சு தடவையும் சரியா வந்துச்சு.”

“எந்தச் சேத்துல?”

சரிபார்ப்பு என்றால் நிழல் செய்ததை அணு பிசகாமல் திரும்பச் செய்வது. அதே சேமிப்பு, அதே கழுவிய சேறு. வசுந்தராவின் விரல் திரையில் வேறொரு கோப்பைத் திறந்தது. பாலாற்றங்கரையில் மூன்று தொட்டிகளின் படம். சுத்திகரிப்பு நிலையம், கட்டி முடித்தாயிற்று. அடுத்த மாதம் திறப்பு.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அது,” என்றார் வசுந்தரா மெல்ல. “நீ இருபது நிமிஷத்துல கேட்ட. அது நாலு வருஷமா கேக்கலையே.”

“கேக்காது மேடம். கேக்காம இருக்கறதுக்கு ஆறு வாரம் பயிற்சி எடுத்துட்டுத்தான் அந்த வலையைத் தலையில மாட்டினேன். மீதி நாப்பது பேரும் அங்கயோ, அந்த மாதிரி இன்னொரு இடத்துலயோதான் படிச்சிருப்பாங்க. வெளிய வரிசையில நிக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பதில் சொல்லமாட்டாங்க, பத்து எண்ணுவாங்க.”

சுவரில் மணி நான்கு இருபது. வசுந்தரா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தபோது அவர் குரலில் அவசரம் இருந்தது. இப்போதே பச்சை போடுகிறேன் என்றார். வழிகாட்டி நான், கருவிகள் எல்லாம் உனக்கு, உப்பை ஒரு புதிய இயலாகச் சேர்த்துக்கொள், பட்டம் உறுதி. ஒன்றே ஒன்று செய்ய வேண்டும்.

“நீ இந்தப் படிவம் கொடுக்கலை. அவ்வளவுதான். இது பதிவாச்சுன்னா உன் நிழல் செல்லாது. நிழல் செல்லாதுன்னா ஆய்வேடு செல்லாது, தொட்டி திறக்க முடியாது. கிழிச்சுப் போட்டுடலாம். உப்புக் கதையைத் திறந்தப்புறம் நாம நிதானமா பாத்துக்கலாம்.”

ஏழு மாதமாகக் கேட்கக் காத்திருந்த சொல் பச்சை. அம்மாவிடம் இன்று சாயங்காலமே சொல்லலாம். இளவேனி அந்தப் படிவத்தைப் பார்த்தாள். அவள் கையெழுத்து, நேரம், கீழே தனசேகரின் கோணல் முத்திரை. அடுத்த மாதம் அந்தத் தொட்டிகளில் சேற்றைக் கொட்டுவார்கள். நஞ்சு நீங்கிற்று என்று பலகை வைப்பார்கள். நீங்காத நஞ்சு வடிகாலில் இறங்கி அவள் தெருக் கிணற்றுக்கு வரும். அதற்கு அடியில் அவள் நிழல் எழுதிய ஓர் ஆய்வேடு இருக்கும், பொறுமைக்கு நன்றி சொல்லிக்கொண்டு.

அவள் தயங்குவதாக நினைத்து வசுந்தரா கடைசிச் சீட்டையும் போட்டார். எல்லா நிறுவனங்களின் நிழல் முடிவுகளையும் சேர்க்கைக் குழுவினர் பார்க்க முடியும். “வால்பாறையில உன் நிழல் மூணாம் வருஷம் சண்டை போட்டுட்டு வெளிய போயிடுச்சு. அதனாலதான் அங்க உனக்கு இடமே கிடைச்சிருக்கு. தெரிஞ்சுக்கோ.”

இளவேனிக்குச் சுருக்கென்றது. ஆக அங்கேயும் திறமைக்காகக் கூப்பிடவில்லை. தோற்றுப்போவாள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்கள், இரண்டு நிழல்கள். அவளை யாருமே கேட்கவில்லை.

“எதுக்குச் சண்டை?”

“அதெல்லாம் பதிவாகாது. சண்டை, விலகல்னு மட்டும் வரும்.”

“மூணு வருஷம் தாக்குப்பிடிச்சிருக்கா. பரவால்ல,” என்று சொல்லிக்கொண்டே கைத்திரையை எடுத்தாள். வால்பாறையின் கடிதம் மேலேயே இருந்தது. ஏற்கிறேன் என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து, அது பதிவாகும்வரை அழுத்திப் பிடித்தாள். வசுந்தரா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைமேல் கிடந்த படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வசுந்தராவின் கை படிவத்தை நோக்கி நீண்டது. பிடிக்கவில்லை.

“இளவேனி, ஒரு நிமிஷம். அந்த ஆய்வேட்டுல வேற என்னென்ன தப்பு இருக்கு? அதையாவது சொல்லிட்டுப் போ.”

“தெரியல மேடம்,” என்றாள் அவள் கதவைத் திறந்தபடி. “அதை நான் எழுதலையே.”

படிவத்தைத் தனசேகரின் மேசையில் வைத்து, அவர் பதிவெண் போடும்வரை நின்றாள். போட்டதும், வரிசையைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.